உயிரை நீக்கி உடலுக்கு ஒப்பனையா?

"இசைக்கு ஏது மொழி? பாட்டின் பொருள் புரியாவிட்டால் என்ன? இராகம் இனித்தால் போதாதா?" என்று கேட்கின்றனர், சபா மேடையின் காவலர்கள். தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியிலே 'துக்கடா' ஆக்கி வைத்தோர் ஏந்திய கேடயம் இது! 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசைக்குத் தீர்மானம் நிறைவேறிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. கேடயமோ இன்னும் கீழே வைக்கப்படவில்லை. அதனை அறிவெனும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், காந்தாரத்தை ஆதார சுரமாகக் கொண்டு பாடுங்கள், இந்தோளம் பிறக்கும். ரிடபத்தை ஆதாரமாக்குங்கள், மத்தியமாவதி பிறக்கும். இதனைப் பண்ணுப்பெயர்த்தல் என்பர் தமிழிசை நூலோர். சுரம் அதே சுரம், சுவையோ வேறு! இஃது ஆண்டவன் அருளிய அற்புதமா? அன்று, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையேயுள்ள தொலைவின் கணக்கு. கணக்கை மறந்தவர்களே, காலையில் ஆகிரி பாடினால் அன்று சோறு கிட்டாது என்று கதை கட்டினர். நாட்டிலே பட்டினி கிடப்போரெல்லாம் ஆகிரி பாடியா பட்டினி கிடக்கின்றனர்?

பண் பாதி, சொல் மறுபாதி. முகாரி என்றாலே அழுகை என்பார்கள். தியாகராசரோ, சபரி பெற்ற பேற்றை வியந்து போற்றும் கீர்த்தனையை அதே முகாரியில் அமைத்தார். தெலுங்கு அறிந்தவன் அதிலே வியப்பைக் காண்பான், நெகிழ்ச்சியைக் காண்பான். அறியாதவன்? யாரோ மாண்டார் என்றெண்ணி அனுதாபத்தோடு தலையசைப்பான்! பொருளே தெரியாதவன், பொருளுக்குப் பண் பொருந்திய அழகை எங்ஙனம் அறிவான்?

தெலுங்கின்மீது நமக்குப் பகையில்லை. தெலுங்கர் துய்க்கும் முழு இன்பத்தைத் தமிழரும் தம் மொழியில் துய்க்கட்டும் என்கிறோம். இது குற்றமா?

தூளியை ஆட்டும் தாய், சில சுரங்களுக்குள்ளேயே குரலைத் தாழ்த்தி, ஆட்டத்தின் அசைவுக்கேற்ப இழுத்துப் பாடுகிறாள். ஒப்பாரி வைப்பவளோ உச்சியிலே குரலெடுத்து, மூச்சுத் தளரத் தளரக் கீழே இறக்குகிறாள். சபா வாயிலை மிதித்தறியாத அந்த ஏழைப் பெண்கள் சொல்லின் வழியே பண்ணை நடத்துகிறார்கள். நிலத்துக்கொரு யாழ் என்று கண்ட தொல்காப்பியத்தின் வழிவந்தவர்களல்லவா!

இளைஞனே! புரியாத பாட்டுக்குத் தலையசைக்குமுன், பக்கத்து நாற்காலிக்காரரைக் கேள்: "ஐயா, இது தாலாட்டா, ஒப்பாரியா?" விடை வராவிடில் தெரிந்துகொள்: அங்கே தலைகள் அசைவது இசைக்கன்று, பழக்கத்துக்கு!