வாசலில் தூங்கும் வண்டி

சென்ற மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மாடி வீட்டு மாமி எங்கள் கதவைத் தட்டினாள். மாமாவுக்கு மூச்சு முட்டுகிறதாம். பிள்ளைக்குப் பெங்களூரில் உத்தியோகம். அவன் விட்டுப்போன கார் வாசலில் பளபளவென்று நின்றது. மாமிக்கு ஓட்டத் தெரியும். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். ‘டக்... டக்... டக்...’ அவ்வளவுதான்!

தெருமுனை ஆட்டோக்காரரை எழுப்பி, ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா இன்று சௌக்கியமாக ஊஞ்சலில் உட்கார்ந்து, மாமியின் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. 108-க்கு டெலிபோன் செய்ய எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு என்ன வியாதி? பட்டினி! ஆறு வாரமாக ஓடவில்லை. ஓடாத வண்டி சும்மாதானே நிற்கிறது என்று நினைக்கிறோம். கடிகாரம், திருட்டு மணி எல்லாம் இரவு பகலாகப் பாட்டரியைத் துளித்துளியாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. வெயில் ஊரில் அது தானாகவும் சீக்கிரம் இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டுவிட்டால், உள்ளே ஈயத் தகடுகளின் மேல் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்து வண்டிகள் வாரக்கணக்கில் நின்றபோது, எத்தனை வீடுகளில் இந்தக் கதை நடந்தது!

மாமி மறுநாளே கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான சார்ஜர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். பிள்ளை வந்து இறங்கிய அமளியில் அதை மறந்தும் போனாள். மூன்றாம் நாள் வாசலில் அழுகிய முட்டை நாற்றம்! பாட்டரி கொதித்து, தண்ணீர் வற்றி, பெட்டியே உப்பிப் போயிருந்தது. பட்டினியில் பிழைத்தது அஜீரணத்தில் போய்விட்டது. புதுப் பாட்டரிக்கு நாலாயிரத்துச் சொச்சம் தண்டம்.

ஆகவே சகோதரிகளே, கடைக்காரரிடம் என்ன கேட்பது?

முதலாவது, தானாக அடங்கும் சார்ஜராகக் கேளுங்கள். பால் காய்ச்சுகிறோம் அல்லவா? முதலில் நல்ல தீ. பொங்கி வரும்போது தணிக்கிறோம். பிறகு ஆறாமலிருக்கத் தணல் மேல் வைக்கிறோம். நல்ல சார்ஜரும் இதையே செய்கிறது. 12 வோல்ட் பாட்டரியைச் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியதும் 13.5 வோல்ட் சுமாருக்கு இறங்கிக் காத்துக்கொண்டிருக்கும். இந்தத் தணல் வேலைக்குத்தான் ‘மெயின்டெய்னர்’ என்று பெயர். மாமி வாங்கியதற்குத் தீயைத் தணிக்கத் தெரியாது.

இரண்டாவது, ஆம்பியர். பாட்டரியின் மேல் 35 ஏ.எச். என்பது போல ஒரு கணக்கு இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவு சார்ஜர் போதும். சிறிய காருக்கு 4 ஆம்பியர் என்றால், காலியான பாட்டரி நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஸ்கூட்டரின் குட்டிப் பாட்டரிக்கு அரை ஆம்பியரே விருந்து. இறங்காமல் காப்பதற்கு மட்டுமென்றால், காருக்கு 1 ஆம்பியர் போதும்.

மூன்றாவது, பாட்டரியின் ஜாதி. தண்ணீர் ஊற்றுவது, ஏ.ஜி.எம்., ஜெல், லித்தியம் என்று பல உண்டு; ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தியம். உங்களுடையது எது என்று பார்த்து, அதற்கான ஏற்பாடு உள்ள சார்ஜரையே வாங்குங்கள். லித்தியத்துக்கு மற்றதன் சாப்பாடு ஆகாது.

நான்காவது, சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினாலும் புகையாமல், ‘தப்பு’ என்று விளக்குக் காட்டி நின்றுவிட வேண்டும். கடையிலேயே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாட்டும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாட்டரியின் இரு முனைகளையும் வளையல் தொட்டால், நொடியில் பழுக்கக் காய்ந்து கையைப் பொசுக்கிவிடும். நல்ல புடவையும் வேண்டாம். ஒரு சொட்டு ஆசிட் போதும், ஓட்டை விழ! முதலில் சிவப்புக் கிளிப் பாட்டரியின் ‘பிளஸ்’ முனையில், பிறகு கறுப்பு, பாட்டரிக்குச் சற்றுத் தள்ளி வண்டியின் இரும்பு உடலில், கடைசியில்தான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, கறுப்பு, பிறகு சிவப்பு. சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். காற்றோட்டம் அவசியம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி அந்தப் பக்கமே போகக் கூடாது.

வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இல்லையா? வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிஷம் உறும விட்டு அணைப்பதில் பிரயோஜனமில்லை. கிளப்பச் செலவான மின்சாரமே முழுதாகத் திரும்பி வராமல் போகலாம்.

இப்போது மாமி வீட்டு வாசலில், காருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்குடன் உட்கார்ந்திருக்கிறது. மாமாவுக்கு மட்டும் அதன் மேல் பொறாமை. “அந்தப் பாட்டரிக்குக் கேட்காமலே கிடைக்கிறது, எனக்குக் கேட்டாலும் இரண்டாம் காப்பி கிடையாது!” என்கிறார்.

“டாக்டர் உங்களையும் மெயின்டெய்னரில்தான் போட்டிருக்கிறார்” என்கிறாள் மாமி.