வல்லமைக்கும் வம்சமா?

நமது சினிமாவில் ஒரு முஸ்லிம் வாலிபன் தோன்றினால், பெரும்பாலும் அவன் கையில் வெடிகுண்டு இருக்க வேண்டும். அல்லது கதாநாயகனுக்காக உயிரை விட்டுத் தன் தேசபக்திக்கு ருஜு காட்ட வேண்டும். 1992-ல் வந்த ‘ரோஜா’ முதல் 2022-ல் வந்த ‘பீஸ்ட்’ வரை வெடிகுண்டுச் சரக்கு நன்றாகவே விலைபோயிருக்கின்றது. 2012-ல் ‘துப்பாக்கி’க்கு எதிர்ப்புக் கிளம்பிச் சில காட்சிகள் வெட்டப்பட்டன. 2013-ல் ‘விஸ்வரூபம்’ சர்க்கார் தடையால் நின்று, சில இடங்கள் நீக்கப்பட்ட பிறகு வெளிவந்தது. பலன் என்ன? வெட்டிய இடத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் முளைத்ததா என்று கேட்கின்றோம்.

இப்படியிருக்க, அமெரிக்காவில் 2014-ல் தனிப் பத்திரிகையாக வந்த ஒரு சித்திரக் கதையை 2022-ல் ‘மிஸ் மார்வெல்’ என்று ஆறு பாகத் தொடராக எடுத்தார்கள். பாகிஸ்தானிலிருந்து ஜெர்சி நகருக்குக் குடியேறிய குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண் கமலா கான்தான் அதில் வீராங்கனை. நடித்தவரும் கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்த இமான் வெல்லானி என்ற பெண்ணே.

அதில் நாம் மெச்சுவது ஆகாயத்தில் தாவுவதை அல்ல. மகளைக் கண்டிக்கும் தாயும், கேலி பேசும் தகப்பனும், தொழுகை தவறாத அண்ணனும் உள்ள ஒரு சாதாரண வீடு அதில் இருக்கின்றது. சர்க்கார் ஆட்கள் மசூதிக்குள் துப்பறிய வரும் கொடுமையும் இருக்கின்றது. கமலாவின் தோழி நக்கியா முக்காடிட்டவள். ஆனாலும் மசூதியில் பெண்கள் தொழுமிடம் மாத்திரம் ஏன் சீர்கெட்டுக் கிடக்கின்றது என்று கேட்டு, நிர்வாகக் குழுத் தேர்தலுக்கே நிற்கின்றாள்!

நிற்க, நமக்குள்ள ஆட்சேபணை வேறு. கமலாவுக்கு வல்லமை எப்படி வந்தது? கொள்ளுப்பாட்டியின் காப்பு ஒன்றைக் கையில் மாட்டியதால் வந்ததாம். கடைசியில் பார்த்தால் அது அவள் பிறவியிலேயே இருந்ததாம்! பிறவியால் ஒருவன் உயர்ந்தவன் என்ற புரட்டில் ஆயிரக்கணக்கான வருஷம் நசுங்கிய நமக்கு, அதே சரக்கை அமெரிக்கக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் மாத்திரம் இனித்துவிடுமா? நக்கியாவிடம் காப்பும் இல்லை, வம்ச வல்லமையும் இல்லை. வாய்திறந்து கேட்கும் துணிவு இருக்கின்றது. ஆகவே அத்தொடரின் உண்மையான வீராங்கனை அவளே என்பது நமது அபிப்பிராயம்.

இங்கே கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத்து இயந்திரம் ஆளின் குலத்தையும் மதத்தையும் கேட்டுக்கொண்டு சுழலுவதில்லை. கற்றவன் கைக்கு அது பணிகின்றது. அப்படிக் கற்றுத் தேறிய ஒரு முஸ்லிம் பையனைத் திரையில் காட்ட எந்த மந்திரக் காப்பு வேண்டும்? நம் ஜில்லாக்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போன முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ! அவர்கள் வீட்டுப் பெண்கள் படித்ததும், தடுக்கப்பட்டதும், தடையை மீறியதும் கதையல்லவா?

முஸ்லிம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தடை கேட்பதில் செலவழியும் சக்தியை, உங்கள் பெண்மக்கள் கதை எழுதவும் படம் பிடிக்கவும் செலவழியுங்கள். அவர்கள் எழுதும் கதை முதலில் உங்களையே கேள்வி கேட்கலாம்; கேட்கட்டும்! படமுதலாளிகளோ, டிக்கட்டு விற்கும் வரை வெடிகுண்டையே கொடுப்பார்கள். அந்த டிக்கட்டை வாங்குகின்றவர்கள் யார் என்பதைப் பொது ஜனங்கள் யோசிப்பார்களாக.