“படம் வரையும்போதே கூப்பிட்டிருக்கலாமே!”

என் அக்காள் மகள் போலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய குழு செய்துகொண்டிருந்த திட்டப்பணியைப் பார்க்க என்னை அழைத்திருந்தாள். சிறு வியாபாரிகளுக்கு உதவும் தேங்காய் உரிக்கும் இயந்திரம். நல்ல யோசனை. குழுவில் ஐந்து பேர்.

“வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒருத்தருக்கு வரைபடம், ஒருத்தருக்கு மோட்டார், ஒருத்தருக்கு இரும்புச் சட்டம், ஒருத்தருக்கு அறிக்கை, எனக்குப் படைப்பு, மாமா.”

“எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது எப்போது?”

“வாட்சாப் குழு இருக்கே மாமா” என்றாள்.

வாங்கிய மோட்டார் சட்டத்துக்குள் நுழையவில்லை. சட்டத்தைப் பற்றவைத்தவர் வரைபடத்தில் இருந்த அளவைத்தான் பின்பற்றினார். வரைபடம் வரைந்தவர் வேறொரு மோட்டாரை மனத்தில் வைத்து வரைந்திருந்தார். மோட்டார் வாங்கியவர் விலை மலிவாகக் கிடைத்ததை வாங்கிவிட்டார். யார் மீதும் தவறு இல்லை. ஆனால் இயந்திரம் ஓடவில்லை. ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த ஐந்து பேரும் சோம்பேறிகள் அல்லர். ஆனால் அவர்கள் ஒரு குழுவாக வேலை செய்யவில்லை. ஐந்து தனிநபர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலை செய்தார்கள். இன்று நம் நாடு எடுத்து வைக்கும் மிகப் பெரிய தொழில்துறை அடி வெற்றி பெறுமா என்பதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்று மில்லிமீட்டர் பாடம்

அந்த மாணவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதே தவற்றைச் செய்தவன். அப்போது பினாங்கில் ஓர் ஆலையில் வடிவமைப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். கையடக்கக் கருவி ஒன்றின் பிளாஸ்டிக் மேலுறையை வரையும் பொறுப்பு எனக்கு. கணினியில் அழகாக வந்தது. மேலதிகாரி கையெழுத்திட்டார். படம் அச்சுப் பட்டறைக்குப் போனது. எஃகில் அச்சு வெட்டப்பட்டது. சில வாரங்களில் முதல் மேலுறைகள் உற்பத்தி லைனுக்கு வந்தன.

அங்கே பல ஆண்டுகளாக ஆப்பரேட்டராக இருந்த ஓர் அக்கா, இரண்டாவது உறையைக் கையில் எடுத்ததுமே தலையாட்டினார். திருகாணி விழும் இடம் பக்கச்சுவருக்கு மிக அருகில் இருந்தது. காற்றில் இயங்கும் திருப்புளியின் முனை சுவரில் இடித்தது. திருகாணி சாய்ந்து இறங்கி, பிளாஸ்டிக் விரிசல் விட்டது.

“தம்பி, ஒரு மூணு மில்லிமீட்டர் தள்ளி வச்சிருந்தா போதுமே. படம் வரையும்போதே கூப்பிட்டிருக்கலாமே!” என்றார்.

கணினித் திரையில் அந்த மூன்று மில்லிமீட்டரை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். வெட்டி முடித்த எஃகு அச்சில் அதையே செய்ய, பழைய குழியைப் பற்றவைத்து மூடி, மறுபடி கடைந்து, மறுபடி சோதிக்க வேண்டும். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. வாடிக்கையாளரிடம் தலைகுனிந்து நின்றோம். உற்பத்தித் துறையின் அடிப்படை விதி அன்றுதான் எனக்கு உறைத்தது: ஒரு தவறு எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறதோ, அதைத் திருத்தும் செலவு அவ்வளவு மடங்கு பெருகும்.

ஓட்டமும் பந்தும்

வடிவமைப்பாளர் வரைந்து முடித்து அச்சுப் பட்டறைக்குக் கொடுப்பது, அவர்கள் முடித்து உற்பத்திக்குக் கொடுப்பது, அவர்கள் முடித்துத் தரச் சோதனைக்குக் கொடுப்பது: இது அஞ்சல் ஓட்டம் போன்றது. கட்டையை அடுத்தவர் கையில் திணித்ததும் நம் வேலை முடிந்தது. 1986ஆம் ஆண்டில் ஹிரோடாக்கா தாக்கேயுச்சி, இக்குஜிரோ நொனாக்கா என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரையில் இந்த ஒப்புமையைத்தான் கையாண்டார்கள். ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்கள் அஞ்சல் ஓட்டம் ஓடவில்லை, ரக்பி ஆடுகின்றன என்றார்கள். ரக்பியில் பந்து கைமாறிக்கொண்டே இருக்கும். மொத்த அணியும் சேர்ந்து நகரும்.

1988இல் அமெரிக்கத் தற்காப்புத் துறைக்கான ஆய்வு அறிக்கை ஒன்று இந்த முறைக்கு ‘கன்கரண்ட் என்ஜினியரிங்’ என்ற பெயரைப் பரவலாக்கியது. தமிழில் ‘உடனிகழ் பொறியியல்’ எனலாம். பெயர் கடினமாக இருக்கலாம், பொருள் எளிது. ஒரு பொருளை வடிவமைக்கும்போதே, அதை எப்படிச் செய்வது, எப்படிப் பூட்டுவது, எப்படிச் சோதிப்பது, பழுதானால் எப்படிப் பிரிப்பது என்பதையும் சேர்த்தே சிந்திப்பது. அதற்காக அந்தந்த வேலையைச் செய்பவர்களை முதல் நாளே ஒரே மேசைக்கு அழைப்பது.

இதனால் என்ன லாபம்? எம்ஐடி ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு உண்டு. 1980களில் ஒரு புதிய காரை உருவாக்க ஜப்பானிய நிறுவனங்களுக்குச் சராசரியாக 46 மாதம், 17 லட்சம் பொறியியல் மணிநேரம் ஆனது. அமெரிக்க நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 60 மாதம், 31 லட்சம் மணிநேரம். ஜப்பானியப் பொறியாளர்கள் இரு மடங்கு அறிவாளிகள் அல்லர். அவர்கள் சண்டையை முதலிலேயே போட்டு முடித்தார்கள். மற்றவர்கள் கடைசியில் போட்டார்கள்.

மூன்று விமானங்கள்

விமானத் துறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

போயிங் நிறுவனம் 1990இல் 777 விமானத்தை உருவாக்கத் தொடங்கியபோது, 200க்கும் மேற்பட்ட ‘வடிவமைத்துக் கட்டும் குழு’க்களை அமைத்தது. ஒவ்வொரு குழுவிலும் வடிவமைப்பாளரோடு உற்பத்தி, கொள்முதல், பராமரிப்புத் துறையினரும் இருந்தனர். விமானத்தை வாங்கப்போகும் நிறுவனங்களும் தொடக்கத்திலேயே கருத்துச் சொன்னன. கேட்டியா என்ற மென்பொருளில் முழு விமானமும் முப்பரிமாணத்தில் வரையப்பட்டது. ஒரு குழாய் ஒரு கம்பியின் மீது மோதினால் திரையிலேயே தெரிந்துவிடும். 1994 ஜூனில் அது முதல்முறை பறந்தது. 1995 ஜூனில் பயணிகள் சேவைக்கு வந்தது.

சில ஆண்டுகள் கழித்து ஏர்பஸ் நிறுவனம் ஏ380ஐ உருவாக்கியது. அதில் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள். ஜெர்மனி, ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர்கள் கேட்டியாவின் நான்காம் பதிப்பைப் பயன்படுத்தினார்கள். பிரான்ஸ், பிரிட்டன் நாட்டவர்கள் ஐந்தாம் பதிப்பைப் பயன்படுத்தினார்கள். ஹம்பர்க்கில் தயாரான கம்பிக் கற்றைகள் துலூஸ் நகருக்கு வந்தபோது அவை உரிய இடத்தில் பொருந்தவில்லை. பல இடங்களில் நீளம் போதவில்லை. முதல் ஏ380ஐ வாங்கக் காத்திருந்தது நம் அண்டை வீட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் தாமதமாகி, 2007 அக்டோபரில்தான் அந்த விமானம் அவர்கள் கைக்கு வந்தது.

மூன்றாவது கதை வியப்பானது. 777இல் சேர்ந்து வேலை செய்து சாதித்த அதே போயிங், 787இல் வடிவமைப்பையும் பெரும் பாகங்களின் தயாரிப்பையும் பல நாட்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2007 ஜூலை 8ஆம் நாள் விமானத்தை உலகுக்குக் காட்டினார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே தற்காலிக ஆணிகள், முடியாத வேலைகள். அது பறந்தது 2009 டிசம்பரில். முதல் வாடிக்கையாளரைச் சேர்ந்தது 2011 செப்டம்பரில், மூன்று ஆண்டுக்கும் மேல் தாமதமாக.

இந்த மூன்றும் ஒரு பாடத்தைச் சொல்கின்றன. மென்பொருள் குழுவை உருவாக்குவதில்லை. ஒருமுறை நன்றாகச் செய்த நிறுவனம் அடுத்தமுறையும் அப்படியே செய்யும் என்ற உறுதியும் இல்லை. ஒன்றாக உட்காரும் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும்.

இன்று ஏன் இதைப் பேச வேண்டும்?

சீனாவின் மின்கார் நிறுவனங்கள் புதிய மாடல்களைக் கொண்டுவரும் வேகம் உலகத்தையே திகைக்க வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் போன்ற ஜெர்மன் ஜாம்பவானே 2023இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் ஏறக்குறைய 100 கோடி யூரோ செலவில் ஒரு மேம்பாட்டு மையத்தை அறிவித்தது. வடிவமைப்பும் கொள்முதலும் ஒரே கூரையின் கீழ். பாகங்கள் வழங்கும் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே உள்ளே. மேம்பாட்டுக் காலத்தை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைப்பதே நோக்கம் என்றார்கள். ரக்பி ஆட்டம் மீண்டும் வேகம் எடுத்துவிட்டது.

நாம் எங்கே நிற்கிறோம்? 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது முதல், பொருத்துவதிலும் சோதிப்பதிலும் கெட்டிக்காரர்கள் என்ற பெயர் நமக்கு உண்டு. அது மட்டும் போதாது, வடிவமைப்பிலும் இறங்க வேண்டும் என்று 2024 மே மாதம் அரசாங்கம் தேசியக் குறைக்கடத்தி வியூகத்தை அறிவித்தது. 60,000 பொறியாளர்களை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்துடன் 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதன்வழி 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி கிடைக்கும் என்று கூறப்பட்டது.

எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் 60,000 பேரும் அஞ்சல் ஓட்டம் மட்டுமே பழகியவர்களாக இருந்தால்? சில்லு வடிவமைப்பில் என் மூன்று மில்லிமீட்டர் தவற்றைவிடச் சிறிய பிழைகூட, தயாரிப்புக்குப் போன பிறகு தெரிந்தால் பல மாதங்களையும் பெரும் பணத்தையும் விழுங்கிவிடும். வரைபவரும் சரிபார்ப்பவரும் சோதிப்பவரும் முதலிலிருந்தே சேர்ந்து வேலை செய்யாமல் அந்தத் துறை நகராது.

நம்மிடம் ஓர் அரிய சொத்தும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஆலைகளில் பொருத்தியும் சோதித்தும் பழகிய கைகள். அவர்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் உண்டு. எந்தத் திருகாணி இறங்காது, எந்த முனை உடையும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். வடிவமைப்பு மேசைக்கு அவர்களை யாரும் அழைத்ததில்லை. பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்னும் சிலர் பெறப்போகிறார்கள். அவர்களோடு அந்த அறிவும் வீட்டுக்குப் போய்விடும். வடிவமைப்பு நாடாக மாறத் துடிக்கும் நமக்கு இது சிறிய இழப்பு அல்ல.

எல்லாவற்றுக்கும் மருந்தா?

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. அளவுகள் உறுதியாகும் முன்பே எல்லாரும் வேலையைத் தொடங்கினால், ஒருவர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மற்றவர்களும் மாற்ற வேண்டிவரும். கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டே நாள் போய்விடலாம். முடிவெடுக்க ஒருவர் இல்லாத குழு, மீகாமன் இல்லாத கப்பல்தான். ஆகவே எதை முதலில் உறுதி செய்வது, எதைப் பின்னால் மாற்றலாம் என்று தெளிவாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். வேகம் என்ற பெயரில் சோதனையைச் சுருக்கவும் கூடாது.

நம் கல்வி முறையிலும் ஒரு தடை இருக்கிறது. படிவம் 5 வரை தனித்தனியே தேர்வு எழுதி, தனித்தனியே ‘ஏ’ எண்ணிப் பழகிய பிள்ளையிடம், பல்கலைக்கழகத்தில் திடீரென்று “குழுவாகச் செய்” என்கிறோம். அவர்கள் வேலையைப் பங்கு போடுகிறார்கள், சேர்ந்து செய்வதில்லை. மதிப்பெண்ணும் முடிந்த பொருளுக்குத்தான், அதை அடைந்த வழிக்கு அல்ல. திட்டப்பணியின் முதல் இரண்டு வாரங்களில் குழு எத்தனை தவறுகளைத் தானே கண்டுபிடித்தது என்பதற்கும் விரிவுரையாளர்கள் மதிப்பெண் கொடுத்தால் நிலைமை மாறும்.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திட்டப்பணியில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். முதல் நாளிலேயே எல்லாரும் சேர்ந்து ஒரே தாளில் முக்கிய அளவுகளை எழுதி, அதை மாற்றுவதென்றால் அனைவருக்கும் தெரிவித்த பிறகே மாற்றுவது என்று உறுதி செய்யுங்கள். அட்டையிலோ மரத்துண்டிலோ ஒரு மாதிரியைச் சீக்கிரமே செய்து பொருத்திப் பாருங்கள். அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகிறவரையும், அதைச் செய்யப்போகிறவரையும் படம் வரையும் முன்பே சந்தித்துப் பேசுங்கள்.

கூட்டத்தில் வாய் திறக்கவும் பழகுங்கள். பெரியவர் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் நம்மில் பலர். பணிவு வேறு, மௌனம் வேறு. தெரிந்த தவற்றைச் சொல்லாமல் இருப்பதுதான் குழுவுக்குச் செய்யும் அவமரியாதை.

அக்காள் மகளின் குழு அன்று மாலை ஐந்து பேராகத் தரையில் உட்கார்ந்தது. சட்டத்தை அறுத்து மோட்டாரைப் பொருத்த வழி கண்டார்கள். பிறகு அவள் ஒரு யோசனை சொன்னாள்: பக்கத்துச் சந்தையில் தேங்காய் விற்கும் பாட்டியிடம் காட்டிவிட்டு வரலாம். போனார்கள். பாட்டி இயந்திரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இவ்வளவு உயரம் எட்டாதே, கண்ணு” என்றாராம்.

அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “படம் வரையும்போதே கூப்பிட்டிருக்கணும், மாமா.”

இருபத்திரண்டு வயதில் அவளுக்கு அது புரிந்துவிட்டது. எனக்கு அது புரிய, ஆறு வாரமும் ஓர் எஃகு அச்சும் செலவாயின.