வந்தபடியே இருக்கட்டும் என்று விடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கண்ட்ரோல் பேனல் பக்கமே போவதில்லை. "வந்தபடியே இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டரில் இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அல்ட்ராசோனிக் சிப்பில் அப்படி விடுவது தவறு என்பேன்.

காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது இதன் வேலை. காரின் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சாரில் இந்த நுட்பம்தான் இருக்கிறது. டெல்லி ஐஐடி உருவாக்கி, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து, 2014-ல் வெளிவந்த பார்வையற்றோருக்கான ஸ்மார்ட்கேனிலும் இதே நுட்பம்தான்.

இந்தச் சிப்பின் செட்டிங்ஸ் இருக்கும் இடம்தான் ரெஜிஸ்டர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஜிஏ460 சிப்பைப் பாருங்கள். ஃப்ரீக்வென்ஸி ரெஜிஸ்டரில் எழுதும் எண்ணை 0.2-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டினால் கிலோ ஹெர்ட்ஸ் வரும். 40 கிலோ ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 50 என்று எழுத வேண்டும். 40 என்றே எழுதினால் 38 தான் கிடைக்கும், எதிரொலி பலவீனமாகிவிடும்.

அடுத்தது பர்ஸ்ட், அதாவது ஒரு தடவைக்கு எத்தனை துடிப்புகள் என்பது. 40 கிலோ ஹெர்ட்ஸில் 16 துடிப்புகள் அனுப்ப 0.4 மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் ஒலி ஏறத்தாழ 14 செ.மீ. போய்விடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 7 செ.மீ.க்குள் இருக்கும் பொருளின் எதிரொலி, சிப் கத்திக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். அடித்த மணி போல சென்சாரும் சிறிது நேரம் அதிர்வதால், கண்ணுக்குத் தெரியாத பகுதி இன்னும் அதிகம். துடிப்பைக் கூட்டினால் தூரம் தெரியும், கிட்டத்தில் தெரியாது. குறைத்தால் நேர்மாறு. இதனால்தான் இந்தச் சிப்பில் இரண்டு ப்ரீசெட்கள் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் இலுப்பூரில் இன்ஜினியரிங் மாணவர்கள் தண்ணீர்த் தொட்டி மட்டம் காட்டும் ப்ராஜக்ட்டுடன் வருவார்கள். "இந்த எண் ஏன் தம்பி?" என்றால், "கோடில் அப்படித்தான் இருந்தது அண்ணா" என்பார்கள். சென்சார் இருப்பது தொட்டி மூடியில். தொட்டி நிரம்பும்போதுதான் தண்ணீர் சென்சாருக்கு மிக அருகில் வருகிறது. சரியாக அப்போது அது தெரியாமல் போனால் மோட்டார் நிற்காது. வறண்ட நம் புதுக்கோட்டைச் சீமையில் தண்ணீர் வழிந்து வீணாகும். தொட்டியில் தண்ணீர்தான் போகும். ஊன்றுகோலில் ஒருவர் முட்டிக்கொள்வார்.

இன்னொன்று. ரெஜிஸ்டரில் எழுதியது மின்சாரம் போனால் அழிந்துவிடும். சிப்பின் நிரந்தர நினைவகத்தில் பதிய வேண்டும். டாக்குமெண்டை சேவ் செய்வது போலத்தான்.

கம்பெனி கொடுத்த எண் உங்கள் தொட்டியைப் பார்த்துக் கொடுத்ததல்ல. எனவே நண்பர்களே, டேட்டா ஷீட்டைத் திறந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் காரணத்தை நோட்டில் எழுதுங்கள். பின்பு ஸ்கேலை வைத்து, எத்தனை செ.மீ.க்குள் தெரியவில்லை என்று அளந்து பாருங்கள். காரணம் எழுத முடியாத எண்ணைச் சிப்பில் ஏற்றாதீர்கள்.