தண்டவாளம் யாருக்கு?



எசனில் புதிதாக ஒரு ட்ராம் பாதை வருகிறது. பெயர் சிட்டிபான். வடமேற்கே பெர்கெபோர்பெக் பக்கமிருந்து பழைய குருப் தொழிற்சாலை நிலத்துக்குள்ளால் பேர்லினர் பிளாட்ஸ், பிரதான ரயில் நிலையம் என்று வந்து கிழக்கே போகிற பாதையோடு சேரும். மொத்தம் ஐந்து கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். நகர மையத்தில் ட்ராம்கள் எல்லாம் ஒரே சுரங்கத்துக்குள் நெரிபடுவதால், இது தரைக்கு மேலால் ஓடப்போகிறது. இதுவரை பஸ்ஸை நம்பியிருந்த ஒரு பெரிய நிலப்பரப்புக்குத் தண்டவாளம் போகிறது.

"இது நகரசபைக்காரன்ர வேலை, எங்களுக்கு என்ன?" என்று எங்கட ஆக்கள் பலர் கேட்கிறார்கள். எங்களுக்கு இதில் நிறைய இருக்கிறது என்பதால்தான் இம்முறை தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ட்ராம் வருவதை நான் ஆதரிக்கிறேன். 18 மீற்றர் இணைப்பு பஸ் ஒன்றில் நெருக்கி ஏற்றினால் ஏறத்தாழ 100 பேர். இங்கே ஓடும் ட்ராம் 30 மீற்றர் வரை நீளம், அதில் இன்னும் பாதிப்பங்கு கூடுதலாக ஏறலாம். ஓட்ட ஒரே ஒரு ஆள் போதும். தனிப் பாதை கிடைத்தால் கார் வரிசைக்குள் மாட்டாது. தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும் முழங்கால் நோவோடு வரும் அம்மம்மாவுக்கும் மேடை சமமாக இருந்தால் ஏறுவது சுகம். காலமை ஐந்து மணிக்கு அலுவலகம் துடைக்கப் போகிறவர், இரவு ரெஸ்ரோறன்ட் குசினியில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவர், இவர்களுக்குத்தான் நல்ல பொதுப் போக்குவரத்து முதலில் தேவை. எங்கட சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் தண்டவாளம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். குருப் நிலம் சாதாரண நிலம் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளர்களை வைத்து ஆயுதம் செய்த தொழிற்சாலை அது. அதற்காக அதன் முதலாளி அல்ஃப்ரீட் குருப்புக்கு 1948இல் நூரன்பேர்க்கில் 12 வருடச் சிறை விதித்தார்கள். 1951இலேயே வெளியே வந்துவிட்டார். குண்டுவீச்சில் அழிந்த நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. இப்போது அங்கே பெருநிறுவனத் தலைமையகம் இருக்கிறது, புதிய குடியிருப்புத் திட்டம் வருகிறது. ட்ராம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். பக்கத்தில் இருப்பது அல்ட்டென்டோர்ஃப். வெளிநாட்டவர்களும் குறைந்த சம்பளக்காரர்களும் நெருக்கமாக வாழும் பகுதி. பொதுப்பணத்தில் போட்ட பாதையால் அங்கே வீட்டு வாடகை ஏறினால், பஸ்ஸில் நெரிபட்டுப் போனவர்கள் ட்ராம் வந்த பிறகு அந்தப் பகுதியிலேயே இருக்கமாட்டார்கள்.

அடுத்த கேள்வி, யார் தீர்மானிப்பது? இதற்கு எங்கட பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

எசனின் 105ஆம் இலக்க ட்ராம் ஃப்ரின்ட்ரொப்பில் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஒபர்ஹவுசனுக்கு இன்னும் சுமார் மூன்று கிலோமீற்றர் நீட்டினால் இரண்டு நகரங்களும் இணைந்துவிடும். திட்டம் தயார், செலவின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வரும் அரச நிதி தாங்க இருந்தது. 2015 மார்ச் 8ஆம் திகதி ஒபர்ஹவுசனில் மக்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறத்தாழ 57 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டம் விழுந்தது.

கடனில் மூழ்கிய நகரம் பயந்தது என்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். அந்தப் பயத்தைக் கேலி செய்யவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு யாருக்கு வாக்கு இருந்தது? ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் மட்டும். இருபது வருடம் அங்கேயே வேலை செய்து வரி கட்டிய இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கோ துருக்கியருக்கோ சிரியருக்கோ வாக்குச்சீட்டு இல்லை. பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களில் ஒரு பெரிய பகுதி கணக்கிலேயே இல்லாமல் அந்த முடிவு எடுக்கப்பட்டது.

இது எங்களுக்குப் புது அனுபவம் அல்ல. எண்பதுகளில் இங்கே தஞ்சம் கேட்டு வந்த எங்கட ஆக்களுக்கு, பதிந்த மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போவதே குற்றம். அடுத்த ஊரில் இருக்கும் தமையனைப் பார்க்க ரயில் ஏறினால் தண்டம். பயணம் என்பது அரசியல் என்று புத்தகம் படித்து நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை.

தண்டவாளம் போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரிவராது என்பதற்கு ரொறன்ரோவைப் பாருங்கள். ஃபின்ச் வெஸ்டில் 36ஆம் இலக்க பஸ் எப்போதும் பிதுங்கி வழியும். அதற்குப் பதிலாக 10.3 கிலோமீற்றர் இலகு ரயில் 2025 டிசம்பர் 7ஆம் திகதி தொடங்கியது. தொடங்கிய கையோடு "பஸ்ஸே இதைவிடப் பரவாயில்லை" என்று சனம் முறைப்பட்டது. சமிக்ஞை விளக்குகளில் ரயிலுக்கு முன்னுரிமை கிடைக்காமல், கார்கள் திரும்பும்வரை அது காத்து நின்றதும் ஒரு காரணம். இத்தனை வருடமும் இத்தனை கோடியும் செலவழித்த பிறகும், சந்தியில் யார் முதலில் போவது என்ற கேள்வியில் கார்தான் வென்றது. எசனிலும் அந்தக் கேள்வியை இப்போதே கேட்கவேண்டும். 2035இல் கார் 25 வீதப் பயணங்களுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்த நகரமே வைத்த இலக்கு.

பிறகு கட்டணம். 2018இல் கட்டணமில்லாப் போக்குவரத்தைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று ஜெர்மன் அமைச்சர்கள் பிரசல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஐந்து நகரங்களின் பெயர் இருந்தது. அதில் எசனும் ஒன்று. அந்தப் பேச்சு அப்படியே அடங்கிப்போனது. 2022 கோடையில் மூன்று மாதம் 9 யூரோ டிக்கெட் கிடைத்தது. 2023இல் அது 49 ஆகி, 2025இல் 58, 2026இல் 63 யூரோ. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டு, தண்டமும் கட்ட முடியாவிட்டால் சிறைக்கே போகலாம் என்பது இன்னும் இந்த நாட்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் காசில்லாமல் போகிறார்கள். லக்சம்பேர்க்கில் 2020 முதல் எல்லோருக்கும் இலவசம். செய்யமுடியாத காரியம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவேண்டாம்.

கடைசியாக, ஓட்டுபவர்கள். ஓட்டுநர் இல்லாமல் பயணங்கள் ரத்தாவது இந்தப் பிரதேசத்தில் வழமையாகிவிட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி வெர்டி தொழிற்சங்கத்தின் போக்குவரத்துத் தொழிலாளரும் காலநிலை இயக்க இளைஞர்களும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். அதுதான் சரியான கூட்டு. ஒரு ட்ராம் ஒன்றரை பஸ் ஆட்களை ஏற்றுகிறது என்பதால் ஓட்டுநர்களைக் குறைத்து மிச்சம் பிடிக்க விடக்கூடாது. மிஞ்சுகிறவர்களைக் கொண்டு வடக்குப் பகுதிகளின் பஸ்களை அடிக்கடி ஓட்டவேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் நான்கு:

1. ட்ராம் வருவதைச் சாட்டாக வைத்து அயல் பஸ்களைக் குறைக்கக்கூடாது. அதிகாலைக்கும் நள்ளிரவுக்கும் பிறகான சேவை முதலில் வரவேண்டும்.
2. ஒவ்வொரு சந்தியிலும் ட்ராமுக்கு முன்னுரிமை.
3. பாதையோரத்தில் கட்டும் வீடுகளில் ஒரு நியாயமான பங்கு சமூக வாடகை வீடுகள்.
4. குறைந்த வருமானக்காரருக்கு உடனடியாகவும் காலப்போக்கில் எல்லோருக்கும் கட்டணமில்லாப் பயணம்.

வாக்கு இல்லை என்று வீட்டில் இருக்கத் தேவையில்லை. எங்கள் மாநில உள்ளூராட்சிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, ஊரில் குறைந்தது மூன்று மாதமாக வசிக்கும் எவரும் நகரசபைக்கோ வட்டாரச் சபைக்கோ யோசனையும் முறைப்பாடும் எழுதிக் கொடுக்கலாம். கடவுச்சீட்டு எந்த நாடு என்று அதில் கேள்வி இல்லை. குடியுரிமை எடுக்கக்கூடியவர்கள் எடுங்கள். 2024 ஜூன் 27இலிருந்து ஐந்து வருடம் போதும், பழைய குடியுரிமையை விடவேண்டும் என்று ஜெர்மனி இப்போது கேட்பதுமில்லை.

எந்த பஸ், எத்தனை மணி, எங்கே ஏற முடியாமல் நிற்கிறீர்கள் என்று இந்த மடலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். அல்ட்டென்டோர்ஃபிலும் கட்டர்ன்பேர்கிலும் இருக்கும் துருக்கி, அரபு அயலவரையும் கேளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஜெர்மன் மொழியில் ஒரே மனுவாக்கி 24ஆம் பிரிவின் கீழ் நாங்கள் கொடுப்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக