போன பணமும் போகாத மூடத்தனமும்

பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேருவதைக் கண்ணுள்ள எவரும் பார்க்கலாம். ஆனால் மூன்றாவதாக ஓர் அமுத நதியும் பூமிக்கடியில் வந்து அங்கே கலக்கிறதென்றும், அது யார் கண்ணுக்கும் தெரியாதென்றும், ஆயினும் அதில் முழுகினால் புண்ணியமென்றும் சொல்லி நம் ஜனங்களைத் தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கி வைத்திருக்கிறார்கள். காணாத ஆற்றில் முழுகிப் பழகியவனுக்குக் காணாத லாபத்தை நம்புவது பெரிய காரியமா? முகந்தெரியாத ஒரு தரகன் கைபேசியில் ஆப் என்கிற ஒன்றைத் திறக்கச் சொல்லி, "நீர் போட்ட 50,000 ரூபாய் பத்தே நாளில் 80,000 ஆயிற்று, பாரும்" என்று காட்டினால், அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். அந்த இலக்கம் அந்தத் தரகனே எழுதி வைத்த இலக்கம். அதற்குப் பின்னால் பங்கும் கிடையாது, பண்டமும் கிடையாது.

மஞ்சளை ஒடித்துப் பார்த்து விலை பேசுகிற குடியானவரும், சாயம் ஒட்டுகிறதா என்று நூலை விரலில் தேய்த்துப் பார்த்து வாங்குகிற ஜமக்காள நெசவாளியும் நிறைந்த ஊர் இது. பங்குத் தரகு செய்கிறவன் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவர்களின் பெயர்களைச் செபியே வெளியிட்டு வைத்திருக்கிறது. யோக்கியமான தரகன் எவனும் யாரோ ஒரு தனி ஆசாமியின் பாங்கிக் கணக்கில் பணத்தைப் போடச் சொல்லமாட்டான். ஒரு ராத்தல் நூலுக்குச் செய்கிற பரீட்சையை ஆயுள் சம்பாத்தியத்துக்குச் செய்யக்கூடாதா என்று கேட்கின்றோம்.

நிற்க, ஏமாந்தவர்களை ஏளனம் செய்வது நமது நோக்கமல்ல. பி.ஏ., எம்.ஏ. படித்தவர்களும் பாங்கி உத்தியோகஸ்தர்களுங்கூட ஏமாந்திருக்கிறார்கள். ஏமாந்த பின்பு என்ன செய்கிறார்கள் என்பதே நம் கவலை. பணம் போயிற்று என்று தெரிந்ததும் ஜாதகக்கட்டை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறார்கள். அவர் ஏழரைச் சனி என்கிறார். பிறகு கூடுதுறையில் பரிகாரம், அதற்குத் தட்சணை. பணத்தைக் கொண்டுபோனவன் சனியா? பெயரும் கணக்கு எண்ணும் உள்ள மனிதனல்லவா? 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முழுகி ஆயிரக்கணக்கான பேர் நடுத்தெருவில் நின்றபோது, அதன் முதலாளியாகிய வெள்ளைக்காரத் துரைக்கு 1907-ல் 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. யாருடைய ஜாதகத்தைப் பார்த்துக் கிடைத்தது? கணக்குப் புத்தகத்தைப் பார்த்தல்லவோ கிடைத்தது!

ஜோசியர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் கள்ளனுக்கு வேண்டிய நேரம். நீங்கள் அனுப்பிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. கூலிக்குக் கணக்குக் கொடுத்தவர்கள் வழியாக இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று சில மணி நேரத்திலேயே பல கணக்குகளுக்குத் தாவி, ரொக்கமாகவோ கிரிப்டோ என்கிற கண்காணாத நாணயமாகவோ ஆகிவிடுகிறது. அதற்குள் 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் பணம் போன தேதி, நேரம், பாங்கியின் பெயர், பரிவர்த்தனை எண் இவற்றைச் சொன்னால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதைப் பாங்கி நிறுத்தி வைக்க வழியுண்டு. அப்படி நிறுத்திய தொகையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டுத் திரும்ப வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு ராகு காலம், எமகண்டம் கிடையாது; நடுநிசியிலும் பேசலாம். ஆனால் 1930-ம் ஒரு தெய்வமல்ல. ஒரு மாதம் கழித்துப் போனால் பெரும்பாலும் வெறுங்கணக்குத்தான் மிஞ்சும்.

இன்னும் ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. "உங்கள் பணம் அப்படியே இருக்கிறது, வரி 20,000 கட்டினால் எடுத்துக்கொள்ளலாம்" என்று அந்தத் தரகனே சொல்லுவான். கொஞ்ச நாள் கழித்து வேறொருவன், தான் வக்கீல் என்றும், ரிசர்வ் பாங்கி அதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு, இழந்ததை மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்பு என்பான். உங்கள் பெயரும் இழந்த தொகையும் அவனுக்கு எப்படித் தெரிந்தது? முதல் கள்ளன் விற்ற ஜாபிதாவிலிருந்துதான். செத்தவனுக்குத் திதி கொடுப்பதுபோல், போன பணத்துக்கும் வருஷந்தோறும் தட்சணை கொடுக்க வேண்டுமா?

ஊருக்குள் ஆபீஸ் போட்டு, போர்டு மாட்டி டெபாசிட் வாங்கிய கம்பெனிகளின் சங்கதி வேறு. திருப்பூரில் பாசி என்ற கம்பெனி, ஆன்லைனில் அந்நிய நாணய வியாபாரம் செய்வதாகச் சொல்லி, 2009 வரை சுமார் 930 கோடி ரூபாய் வசூலித்ததாக வழக்கு. பிறகு விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. 2022 ஆகஸ்டில்தான் கோவை தனிக் கோர்ட்டு டைரக்டர்கள் இருவருக்கு 27 வருஷம் தண்டனையும், 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. பதின்மூன்று வருஷம்! இந்தத் தாமதம் சர்க்காருக்கு வெட்கக்கேடு என்பதே நம் அபிப்பிராயம். ஆனாலும் இத்தகைய கம்பெனிகளின் சொத்துக்களைக் கைப்பற்றி, ஏலம் விட்டு, டெபாசிட்தாரர்களுக்குப் பங்கிட 1997-ம் வருஷத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடங்கொடுக்கிறது. புகார் எழுதிக் கொடுத்தவன் பெயர்தானே அந்தப் பங்கில் ஏறும்?

எழுதிக் கொடுக்க விடாமல் தடுப்பது எது? "வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும், பெண்ணுக்கு வரன் வராது, பங்காளி சிரிப்பான்" என்கிற பயந்தான். திருடியவன் தலைநிமிர்ந்து திரிய, பறிகொடுத்தவன் தலைகுனிவதா மானம்? ஏமாந்தவன் வாய் திறக்காமல் இருப்பதே கள்ளனுக்கு அடுத்த தெருவில் முதல் போட உதவுகிறது. பக்கத்துப் பெருந்துறையில் 2012-ல் ஈமு கோழிப் பண்ணை கவிழ்ந்தபோதும் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிட்டவர்கள் உண்டு.

தோழர்களே, பவானியிலும் சுற்று வட்டாரத்திலும் இப்படிப் பணம் இழந்தவர்கள், இன்று நேற்றுப் போனதாயின் முதலில் 1930-க்குப் பேசுங்கள். பிறகு பாங்கிக் கணக்குத் தாளையும், அவன் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு ஈரோட்டு சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். கம்பெனியில் டெபாசிட் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குத் தனித்தனியே போகாமல் பத்துப் பேராய்ச் சேர்ந்து போங்கள். புகார் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.