குளிசையின் மேலாடை யாருக்குச் சொந்தம்?

விஞ்ஞானம் எவர் பக்கமும் சாராதது. ஆய்வுகூடத்திற் பிறப்பவையெல்லாம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பது பாடநூல்கள் புகட்டிவரும் நம்பிக்கை. இந்நம்பிக்கையை உரைத்துப் பார்ப்பதற்கு அணுவையோ அண்டவெளியையோ நாடவேண்டியதில்லை. பெருங்குடல் நோயாளி ஒருவர் நாள்தோறும் விழுங்கும் சிறு குளிசையே போதுமானது. விஞ்ஞானம் எவ்விடத்தில் மக்களுக்குத் தொண்டு செய்தது, எவ்விடத்தில் வணிகத்திற்குக் காவலாளியாயிற்று என்பதை அக்குளிசையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

வாயால் உட்கொள்ளும் மருந்தைப் பெருங்குடலிற் கொண்டுசேர்ப்பது எளிதன்று. இரைப்பையின் கடும் அமிலத்தை அது தாண்டினாலும், உறிஞ்சிக்கொள்வதற்கென்றே சிறுகுடல் வழியிற் காத்திருக்கின்றது. பெருங்குடற் புண் அழற்சிக்குக் கொடுக்கப்படும் மெசலசீன் எனும் மருந்து உறையின்றி விழுங்கப்படின், அதன் பெரும்பகுதி சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். புண்ணுள்ள இடத்தை அடைவது சொற்பமே. இத்தடையைக் கடக்க வகுக்கப்பட்ட வழிகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களைக் கொண்டே மருந்தை விடுவித்தல். மற்றையது, குறித்தவொரு பீ.எச். பெறுமானத்திற் கரையும் உறையை மருந்துக்கு அணிவித்தல்.

முதலாவது வழி ஏறத்தாழத் தற்செயலாகவே கிட்டியது. சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியை நன்னா சுவார்ட்ஸ், 1930களின் இறுதியில் மூட்டுவாதத்திற்கு மருந்து தேடியபோது, சல்பாபிரிடீனையும் சலிசிலிக் அமில வகையொன்றையும் இணைத்த சல்பாசலசீன் உருவாயிற்று. அது குடல் அழற்சிக்கும் பயன்பட்டது. ஏன் பயன்பட்டது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1977 இல் ஒக்ஸ்போர்டில் வங்காளதேசத்தவரான அசாத் கானும், பிரிஸ், ட்றூலவ் ஆகியோரும் அம்மருந்தின் இரு கூறுகளையும் தனித்தனியே மலக்குடல் வழியாகச் செலுத்திப் பரிசோதித்தனர். நோயைத் தணித்தது மெசலசீனே. சல்பாபிரிடீன் அதனைச் சுமந்துசென்ற வண்டி மாத்திரமே. இரண்டையும் பிணைத்த அசோப் பிணைப்பை உடைத்தவை பெருங்குடற் பற்றீரியாக்கள். பூட்டு மருந்தில் இருந்தது. சாவியோ ஒவ்வொரு மனிதரின் குடலிலும் இருந்தது.

வண்டியினால் விளைந்த தீங்குகளும் உண்டு. தலைவலி, குமட்டல் முதலியன பெரும்பாலும் சல்பாபிரிடீனால் ஏற்படுபவை. ஆகவே அதனை அகற்றி, பீ.எச். 7 அளவிற் கரையும் அக்கிரிலிக் பிசினுறையினுள் மெசலசீனை மாத்திரம் வைத்தமை மெய்யான முன்னேற்றமாகும். அதனை இகழ்வது அறிவுடைமையாகாது. இகழத்தக்கது, அவ்வுறையை வேலியாக்கிய செயலேயாகும்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை நோக்குக. அங்கு அசகோல் எனும் பெயரில் விற்கப்பட்ட 400 மில்லிகிராம் மெசலசீன் குளிசையின் ஆக்கவுரிமை 2013 யூலையில் முடிவுறவிருந்தது. முடிந்ததும் ஏனையோர் அதனை மலிவாகச் செய்யலாம். ஆனால் அவ்வாண்டின் முற்பகுதியிலேயே வோர்ணர் சில்கொற் கம்பனி டெல்சிகோல் எனும் புதிய பெயரில் கூடுறை மருந்தொன்றைக் கொணர்ந்து, அசகோலைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. கூட்டினைத் திறந்தால் உள்ளே இருந்தது உறையிட்ட மெசலசீன் குளிசையே. அளவும் அதே 400 மில்லிகிராம். ஆக்கவுரிமையின் ஆயுளோ 2020 வரை நீண்டது. பழைய உறையிலிருந்த டைபியூற்றைல் தலேற்று எனும் பொருளின் தீங்கினை நீக்கவே மாற்றினோம் என்பது கம்பனியாரின் சமாதானம். அப்பொருள் குறித்த ஐயம் நியாயமானதே. ஆயின், அதே பொருள் கலந்த 800 மில்லிகிராம் அசகோல் குளிசையை அப்போது தொடர்ந்து விற்றது எந்த நியாயம்? தீங்கு 400 இல் உண்டு, 800 இல் இல்லையோ?

இவ்விடத்தில் வணிகப்பெயரின் வழக்கறிஞர்கள் எழுந்து, "உறை வேறாயின் மருந்து திறக்கும் இடமும் வேறாகும், ஆகவே எமது பெயரையன்றிப் பிறிதொன்றை நம்பாதீர்" என்பர். இவ்வாதத்தின் முற்பாதி உண்மை, பிற்பாதி புரட்டு. உறைகள் வேறுபடுவதால், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கண்மூடிக் கொடுப்பது தகாது. ஆனால் அதிலிருந்து பெறப்படுவது, உறையின் இயல்பை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்பதேயன்றி, விலையுயர்ந்த பெயருக்கு அடிமையாகவேண்டும் என்பதன்று. வாயால் உட்கொள்ளும் மெசலசீன் வகைகளுள் ஒன்று மற்றொன்றினும் பயன்மிக்கது என்பதற்குச் சான்றில்லை எனப் பிரித்தானிய மருந்துக் கையேடே கூறுகின்றது. விடுவிக்கப்படும் முறை வேறுபடலாம் என்பதையும் அது மறைக்கவில்லை.

இலங்கையருக்கு இவ்வழக்குப் புதிதன்று. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவராகி, வணிகப்பெயரின் ஆட்சியை எதிர்த்துப் பொதுப்பெயரை முன்னிறுத்தினார். "பெயர் ஒன்றானால் மருந்தும் ஒன்றாகுமா?" என்று கேட்டு அக்கொள்கையைக் கேலிசெய்வோர்க்குப் பெருங்குடல் மருந்து வாய்ப்பானதோர் ஆயுதம். அவ்வாயுதத்தைப் பறிக்கும் வழி பொதுப்பெயரைக் கைவிடுவதன்று, அதனை நிறைவுசெய்வதாகும். பொதுப்பெயரின் அருகே, உறை எந்தப் பீ.எச். பெறுமானத்தில் எவ்வளவு நேரத்திற் கரைகின்றது என்பது பொதியிலே மும்மொழியிலும் பொறிக்கப்படட்டும். கரைதிறன் சோதனையின் முடிவுகளை மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பகிரங்கப்படுத்தட்டும். அப்பொழுது வைத்தியர் பெயரை நம்பவேண்டியதில்லை. பெறுமானத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யலாம். சல்பாசலசீனைத் தாங்கக்கூடிய நோயாளிக்கு அப்பழைய மருந்தே இன்றும் போதுமானதாகலாம் என்பதையும் மறைக்காது சொல்லலாம்.

இவை விஞ்ஞானபீடத்தாரின் அலுவல்கள், கலைத்துறையினருக்கு இங்கு என்ன வேலை எனக் கேட்போர் உளர். உறையைச் செய்வது இரசாயனவியலாளரின் பணிதான். ஆனால் அதற்குப் பெயரிடுவது, உரிமை வழங்குவது, விலை குறிப்பது ஆகியன சமூகத்தின் தீர்மானங்கள். அத்தீர்மானங்களைக் கேள்விக்குட்படுத்தாத கல்வி, எந்தப் பீடத்திற் கற்பிக்கப்படினும், உறை கரையாமலே உடலைக் கடந்துசெல்லும் குளிசையை ஒத்தது. விழுங்கியவர்க்கு அதனாற் பயனில்லை.